காணாமல் போன செவ்வாய்

சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில்
பதினொரு வருடக் கோப்பு என்னுடையது.
முதல் பக்கத்தில் ஸ்கிசோஃப்ரினியா;
மற்றதெல்லாம் மாத்திரைக் கணக்கு.

புது டாக்டர் ஸுங்கு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மிஸஸ் படையாச்சி?
சுவரிலிருந்தா, ரேடியோவிலிருந்தா?"

இல்லை.
அவள் உள்ளேதான் இருக்கிறாள், கண்ணுக்குப் பின்னால்.
ஏழு வயது. இடது கையால் எழுதுவாள்.
மாமா என்றால் ஒளிந்துகொள்வாள்.

"நாள்கள் தொலைவதுண்டா?"

கைப்பையைக் கவிழ்த்தேன்.
உம்ஸிண்டோ பஸ் டிக்கெட். கடல் மணல்.
நான் வாங்காத சிவப்பு க்ரேயான்,
பாதி கடித்தது.
போன செவ்வாய் அதற்குள்தான் கிடந்தது.

அவர் பழைய பெயரை அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
வலிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டுமாம்.

பஸ் நிறுத்தத்தில்
என் இடது கை
அந்தக் குறியை முழங்காலில்
மெல்ல
எழுதிப் பார்த்தது.