பதினான்காம் அடிக்குறிப்பு

கோட்டையில் இருபத்தெட்டாம் மாடி.
கீழே துறைமுகப் பாரந்தூக்கிகள்
யாருடையவோ பெட்டிகளை
யாருடையவோ கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன.
என் வேலையும் ஏறத்தாழ அதுதான்.
தமிழில் வந்த முறைப்பாட்டை
ஆங்கிலத்தில் இறக்கி வைப்பேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி,
அடியில் சத்தியப் பிரமாண முத்திரை.

கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன்.
விசாரணை நடக்கிறது.

கொட்டாஞ்சேனை பிலோமினா செபமாலை
கொப்பித்தாளில் எழுதியிருக்கிறார்,
'இதை வாசிக்கிற பிள்ளைக்கு' என்று தொடங்கி.
கந்தோர்களுக்குச் சோத்துப் பார்சல் கட்டி
ஒன்பது வருடம் சேர்த்த காசு.
பங்கு பதினொரு ரூபாயிலிருந்து
நாற்பத்திரண்டுக்கு ஏறினதாம்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்
விற்கப் போனால், வாங்க ஒருத்தரும் இல்லையாம்.
'பிள்ளை'யை ஆங்கிலத்தில் விட்டுவிட்டேன்.
ஆணைக்குழுவுக்கு உறவுமுறை கிடையாது.

புறக்கோட்டை ஜவாத் ஹாஜியார் இரண்டே வரி:
துணியென்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவேன்.
பங்கை எந்த வெளிச்சத்தில் பிடிப்பது?

ஏறினது எப்படியென்று
செனாலி திரையில் காட்டினாள், சிவப்புக் கோடுகளால்.
பணிப்பாளரின் சாரதி விற்க, மைத்துனி வாங்கினாள்.
மைத்துனி விற்க, சாரதி வாங்கினான்.
ஒரே முற்றத்துக்குள் ஒரு பந்து.
மதிலுக்கு வெளியே சத்தம் கேட்டவர்களுக்கு
ஊரே விளையாடுவதாகத் தோன்றியது.

கம்பனியின் காசோ
பணிப்பாளரின் இன்னொரு கம்பனிக்கு
எப்போதோ கடனாகப் போயிருந்தது.
மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது.
நூற்று முப்பத்தேழாம் பக்கம்,
அடிக்குறிப்பு பதினான்கு,
எள்ளுப் போன்ற எழுத்தில்.
ஆங்கிலத்தில்.

'தமிழில் என்ன கொடுத்திருக்கிறார்கள்?'
கோப்பிலிருந்து வழுவழுப்பான ஒரு கையேட்டை எடுத்தாள்.
எட்டுப் பக்கம். சான்றுப்பொருள் ஒன்பது.
'இதையும் மொழிபெயர்த்துத் தாருங்கள், வரிக்கு வரி.'

முதல் வசனத்திலேயே கை நின்றுவிட்டது.
உழைப்பின் கனி உங்கள் மடியில்.
'கையில்' தட்டையாக இருக்கிறதென்று
'மடியில்' போட்டவள் நான்.

நாலு வருடத்துக்கு முன்,
விளம்பர நிறுவனம் ஒன்றுக்காக,
வெள்ளவத்தையில் கரண்ட் இல்லாத இரவில்,
சொல்லுக்கு நாலு ரூபாய்.
பதினான்கையும் அனுப்பியிருந்தார்கள்.
'தொடர்புற்ற தரப்பு' சரியா, 'உறவுடைய தரப்பு' சரியா என்று
மெழுகுதிரி விரற்கடையளவு தேயும்வரை யோசித்தேன்.
காலையில் போன் வந்தது.
'மிஸ், தமிழ் இடம் கூடப் பிடிக்குது,
அடிக்குறிப்பை எடுத்திட்டம்.
உங்களுக்கு முழுக் காசும் வரும்.'
வந்தது.
நான் 'சரி' என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

இதைச் சொன்னதும்
செனாலி என் முத்திரையை மெதுவாகத்
தன் பக்கம் நகர்த்தினாள்.
கோபமாகத் தெரியவில்லை.
'அந்த மின்னஞ்சல் இருக்கிறதா?'
இருக்கிறது.
காசு தராமல் ஏய்ப்பவர்களுக்குப் பயந்து
நான் எதையும் அழிப்பதில்லை.

நேற்று அச்செடுத்துப் பார்த்தேன்.
நல்ல தமிழ்.
ஒருவரும் வாசிக்காத என் நாலு வரி.
நாற்பது ரூபாய்க்கு வாங்கக் கிளம்பியவளை
படியிலேயே நிறுத்தியிருக்கக்கூடிய நாலு வரி.
நிறுத்தியிருக்கும் என்று
சத்தியம் பண்ணவும் முடியாது.

சாட்சிகள் பட்டியலில்
பிலோமினாவுக்குக் கீழே என் பெயர்,
அவருடையதைப் போலவே எழுத்துப் பிழையோடு.

முடிவில் சமரசமாகும் என்று பேச்சு.
குற்றத்தை ஏற்கவும் மாட்டாராம், மறுக்கவும் மாட்டாராம்,
தொகை ஒன்றைக் கட்டிவிட்டுப் போவாராம்.
முறைப்பாட்டுக்காரர்களுக்கு
அதைத் தமிழில் அறிவிக்க வேண்டும்.

ஆள் தேடுகிறார்கள்.