பழைய பெயர்

லியெபாயாவில் கடல்காற்று
ஜன்னலைச் சும்மா விடாத மாதம்.
நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
கம்பெனி அனுப்பிய புதுப் பெட்டியைச்
சமையல் மேசையில் பிரித்தேன்:
ஒரு ரவுட்டர், மஞ்சள் கேபிள் ஒன்று,
ஆறு மொழிகளில் ஒரே எச்சரிக்கை.

ஆன்டெனாவை முறுக்கி நிமிர்த்தினேன்.
பச்சை, பச்சை,
மூன்றாவது விளக்கு மட்டும்
ஆரஞ்சிலேயே அடம்பிடித்தது.

உதவி எண்ணில் ரைவிஸ் என்றொரு பையன்,
குரலெல்லாம் தூக்கம்.
"அணைச்சுட்டு, முப்பது எண்ணி, போடுங்க."
முப்பது எவ்வளவு நீளம் என்று
பல் பிடுங்கப் போனவர்களுக்குத் தெரியும்.
பதினெட்டில் தவறி, மறுபடி ஒன்றிலிருந்து.
"பயனர் பெயர்ல இருக்கறது பூஜ்யமா, ஓ-வா?"
ஓ. ஒஸ்கார்ஸின் ஓ.
கணக்கு இன்னும் அவன் பெயரில்தான்.
யாரது என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

பச்சை.

சுற்றிலும் யார் யார் என்று பட்டியல் விரிந்தது.
'படியில் சைக்கிள் வைக்காதே'
அது மூன்றாம் மாடி வெல்டா அம்மாள்.
'வைப்பேன்'
அது அவளுக்கு எதிர் வீட்டுக்காரன்.
நேரில் பார்த்தால் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

எனக்கு என்ன பெயர் வைக்க?
புதிதாக வைத்தால்
பிரிண்டரிடம் சொல்ல வேண்டும்,
எடைமெஷினிடம் சொல்ல வேண்டும்,
படுக்கையறை விளக்கிடம் சொல்ல வேண்டும்.
என் தங்கைக்கு விளக்கிச் சொன்னதே போதும்.
பழைய பெயரையே வைத்தேன்.
கடவுச்சொல்லும் பழையதே:
அவன் ஐஸில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்ட தேதி.

ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, கேள்வி கேட்காமல்.
பிரிண்டர். விளக்கு. எடைமெஷின்.
என் போன்.
இரவு எட்டேகாலுக்கு ஐந்தாவதாக ஒன்று:
ஒஸ்கார்ஸ்.

ஒரே ஒரு கோடு சிக்னல்.
நான் எழுந்திருக்கவில்லை.
இரண்டு கோடு. இரண்டாம் மாடித் திருப்பம்,
அங்கே பல்பு எரியாது.
மூன்று. வெல்டா அம்மாளின் நாய் குரைத்தது.
அவன் பெயருக்குப் பக்கத்தில்
'துண்டி' என்று சிவப்பாக ஒரு பொத்தான்.
மூன்றிலேயே நின்றது.

கெட்டிலை நிரப்பினேன்,
ஒரு கோப்பைக்கா இரண்டுக்கா என்று பார்க்காமல்.

திரும்பி வந்தபோது இரண்டு.
பிறகு ஒன்று.
பிறகு பெயர் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது.

காலையில் தபால் பெட்டியில் சாவி,
ஓர் உறைகூட இல்லாமல்.

இணைப்பில் இருந்தது பதினோரு நிமிடம்.
இறக்கியது நாற்பத்தொரு எம்பி.
படங்களாக இருக்கலாம்.
யாரோ அனுப்பிய வீடியோவாக இருக்கலாம்.
ரைவிஸைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வானோ என்னவோ.
வெறும் அப்டேட்டாகவும் இருக்கலாம்.