புறமுதுகு

ஹாகன் நகரில், மழையில் ஊறிய செயற்கைப் புல்லில்,
பதினோரு ஆண்டுகள்
பின்னோக்கி ஓடிச் சம்பளம் வாங்கினேன்.
முதல் மூன்று ஆண்டு அதுவும் இல்லை.
பெட்ரோல் காசும்
ஆட்டம் முடிந்ததும் ஒரு தட்டு நூடுல்ஸும்.

அமெரிக்கக் கால்பந்து.
காலுக்கு அதில் வேலை அதிகம்,
பந்தோடு உறவுதான் குறைவு.
கலியாண வீடுகளில் கேட்கும் மாமாக்களுக்கு
"றக்பி மாதிரி" என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

என் இடம் ஓரம்.
கோட்டருகே தனியாக நான்,
எதிரே தனியாக ஒருவன்.
எங்கே ஓடப்போகிறான் என்பது
அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
தோள் பொய் சொல்லும். கண் பொய் சொல்லும்.
தலை சத்தியம் பண்ணிப் பொய் சொல்லும்.
இடுப்புக்கு மட்டும் நடிக்கத் தெரியாது.
அதையே பார்த்தபடி
குதிகாலைத் தரையில் வைக்காமல்
பின்வாங்குவேன், பின்வாங்குவேன்,
முகம் மட்டும் அவனை விட்டு விலகாது.
முதுகு காட்டாமலும் பின்வாங்கலாம் என்று
மார்பில் புண் தேடிய நம் பழைய மறவர்கள்
யோசித்திருக்கமாட்டார்கள்.

முதுகில் இருந்தது அப்பாவின் பெயர்.
குலவீரசிங்கம்.
ஒரு கக்கத்தில் தொடங்கி
தோளேறி மறு கக்கத்தில் இறங்கும்.
எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டாள் தையல்காரி.
அறிவிப்பாளர் "குலவீ" வரை வந்து மூச்சுத் திணறி
"எண் இருபத்தேழு" என்பார்.

பெயருக்குச் சொந்தக்காரர் ஒரே ஒரு நாள் வந்தார்,
வெதுப்பகத்தில் இரவு வேலை முடித்து
மாவு படிந்த சப்பாத்தோடு.
முடிந்ததும் கேட்டார்:
"ஏன்ரா, உன்ர பக்கம் பந்தே வரேல்லையே?"

அப்பா,
அன்று நான் ஆடியதே அதுதான்.
கடைசி விசில் வரை
என் பக்கம் எறிய அவர்களுக்குத் துணிவு வரவில்லை.
வராத பந்தை எப்படி விளக்குவது?
பந்தின் பின்னால் போகும் கேமராவுக்கே தெரியாது.

மின்டனில் ஒரு முறை கால் சறுக்கினேன்.
மூன்று விநாடி.
கைபேசிகளில் ஓராண்டு ஓடியது.

திங்கள் காலை பார்சல் கிடங்கு.
ஃபோர்க்லிஃப்டில் சரக்கு உயர்ந்துவிட்டால்
முன்னால் ஒன்றும் தெரியாது,
அங்கேயும் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும்.
அதற்காவது பீப் என்று ஒரு சத்தம் உண்டு.

போன செப்டம்பர், பொட்ஸ்டாமிலிருந்து வந்தவன்.
பத்தொன்பது வயது. முகத்தில் இன்னும் பரு.
மூன்றாவது முயற்சி, எட்டு யார்டு தேவை.
அவன் இடுப்பு
பொய் சொன்னது.
அல்லது என் கண் பழசாகியிருந்தது.

பிறகு அவன் முதுகைப் பார்த்தேன்.
எண்பத்து நான்கு.
நான்கின் ஒரு காலில் தையல் விட்டு
நூல் காற்றில் ஆடியது.
இன்னொருவன் முதுகை அவ்வளவு நேரம்
நான் பார்த்ததே இல்லை.

எலும்பு முறியவில்லை. தசைநார் அறுந்திருந்தால்
சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருந்திருக்கும்.
பயிற்சியாளர் அறையில் காபி கொடுத்தார்கள்.
கோப்பையில் தந்தார்கள், காகிதக் குவளையில் அல்ல.
அப்போதே புரிந்துவிட்டது.

நவம்பரில் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஹெல்மெட், தோள்கவசம், தொடைப்பட்டை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து.
பல்காப்பையும் நீட்டினேன்.
கருவி அறை ஹோர்ஸ்ட் முகம் சுளித்துச் சிரித்தார்:
"அதை யாரும் கேட்கவில்லை."
என் கடி பதிந்த நீல ரப்பர்.
ஜாக்கெட் பையில் இன்னும் கிடக்கிறது,
சாவியோடும் சில்லறையோடும்.

இப்போது டோர்ட்மண்ட் ரயிலில் ஸ்வென்யா
போகும் திசை பார்த்து உட்காருகிறாள்,
இல்லாவிட்டால் அவளுக்குக் குமட்டும்.
நான் எதிர் இருக்கையில்.
வரும் ஊர்கள் எனக்குத் தெரிவதில்லை,
கடந்த பிறகுதான் தெரியும்:
வெட்டர், ரூர் ஆற்றின் வளைவு, விட்டன்.

பெட்டியின் நடுவழியில் ஒரு சிறுமி
திடுமென என்னை நோக்கி ஓடிவருகிறாள்.
என் இரண்டு குதிகாலும்
தரையைவிட்டு எழுகின்றன.