ஏற்கத்தக்கது

இரண்டு மில்லிமீட்டர் என்றுதான்
முதலில் எழுதியிருந்தார்கள்.
வெப்பக் கவசத்தின் ஓடுகளுக்கு நடுவே
அதற்குமேல் இடைவெளி கூடாது.
நான் வெர்னா ஹோல்கம். பதினேழு வருடமாக
அந்த இடுக்கில் இரும்புத் தகட்டைச் செருகி
நுழைகிறதா என்று பார்க்கிறவள்.

வசந்தத்தில் ஒருமுறை மூன்று நுழைந்தது.
எழுதினேன்.
கூட்டம் போட்டார்கள். காப்பி வந்தது.
விண்கலம் போனது, வந்தது.
நால்வரும் கையசைத்தபடி இறங்கினார்கள்.
அடுத்த படிவத்தில்
இரண்டு இருந்த கட்டத்தில் மூன்று இருந்தது.
தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன்.

பிறகு நான்கு.
அன்று ஆர்லன் பியூக்லர்
எழுபத்தொரு படங்களைத் திரையில் ஓட்டினார்.
அறுபத்தாறாவதில், ஓரமாக, பொடி எழுத்தில்
என் இடுக்கு.
"கேள்வி உண்டா?"
ஏசி மட்டும் முனகியது.
எனக்குக் கேள்வி இருந்தது.
மகளைப் பள்ளியிலிருந்து அழைக்க
நேரமும் ஆகியிருந்தது.
சரி என்று கையெழுத்திட்டேன்.

சரி.
மண் சரிவதற்கும் அதே இரண்டு எழுத்துதான்.

டைட்டஸ்வில் ஆற்றங்கரை முழுக்க மடக்கு நாற்காலிகள்.
டோனட் தின்றுகொண்டே ஒரு பையன்
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினான்.
எல்லோரும் அண்ணாந்தபோது
நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு நாள் கழித்து
கடலில் மூன்று குடைகள், கைதட்டல்.
விமானி டெஸ்ஸா குவார்ல்ஸ் புகைப்படம் அனுப்பினாள்:
"வரும்போது ஒரு குலுக்கல்கூட இல்லை. நன்றி, வெர்னா."

அந்தப் படம் சட்டைப் பையில் இருக்க
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
கவசத்தின் அடியில் மல்லாந்து படுத்தேன்.
ஐந்து நுழைந்தது.
தள்ளினால் இன்னும் போனது.
வெளியே இழுத்த தகட்டில்
விரல் நீளத்துக்குக் கரி.

எழுதினேன். அடிக்கோடிட்டு, இருமுறை.
பதில் இரண்டே வரி:
பத்திரமாகத் திரும்பியது.
ஆகவே ஏற்கத்தக்கது.

அவர்கள் செத்திருந்தால்
என் தகட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து
விசாரித்திருப்பார்கள்.
டெஸ்ஸா உயிரோடு சிரிக்கும் படம்தான்
எனக்கு எதிரான சாட்சி.

இரவு வீட்டில்,
சமையலறைக் கதவுக்குக் கீழே
எறும்புகள் ஒற்றை வரிசையில் வந்துகொண்டிருந்தன.
பழக்கதோஷம், தகட்டைச் செருகினேன்.
ஒன்றரை.
"அதிகமா அம்மா?" என்றாள் மகள்.
"இல்லை, விதிப்படி சரிதான்."

அவள் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து
மூடியைத் திறந்து
என் முன்னால் வைத்தாள்.
உள்ளே கறுப்பாக நெளிந்தது.