பெயருக்கு முன்னால் ஒரு கோடு

கவுண்டர் ஏழு.
வெளியே ஆற்காடு ரோட்டில் ஒன்பது மணிக்கே
தார் இளகத் தொடங்கியிருந்தது.
வங்காளத்துக் குடும்பங்களுக்கு நடுவே நின்றார் அவர்,
பாக்கு நிறம், ஒல்லி,
சிரிக்காதபோதும் கண்ணோரம் சுருங்கும் தோல்.
போட்ஸ்வானா. இதயத்தில் ஒரு வால்வு
சரியாக மூடுவதில்லை.

பெயர்?
பாஸ்போர்ட்டில் ‘காஷே’ என்றிருந்தது.
அவர் இல்லையென்று தலையாட்டி
என் பேனாவை வாங்கி
முதல் எழுத்துக்கு முன்னால் நேராக ஒரு கோடு போட்டார்.
சொல்லியும் காட்டினார்:
மேற்பல்லுக்குப் பின்னாலிருந்து நாக்கை இழுத்து
ஒரு ‘ச்’,
அப்புறம்தான் காஷே.

நாங்கள் உச்சுக் கொட்டுவோமே, அதேதான்.
எவனோ பைக்கிலிருந்து விழுந்தால்,
காட்பாடி பஸ் கண்முன்னே போய்விட்டால்.
பரிதாபத்துக்கென்று நாங்கள் வைத்திருப்பதை
இவர் பெயருக்கு வைத்திருக்கிறார்.

கோட்டைத் தட்டினேன்.
சிவப்பில் வந்தது: பெயரில் எழுத்து மட்டும்.

கூட வந்த கோட்டுக்காரர் அரசாங்கக் கடிதத்தை நீட்டினார்.
இனம்: சான்.
பக்கத்துக் கவுண்டர் எஸ்தர்ராணி
‘சாண்’ என்று மூன்று சுழி போட்டுவிட்டு
வயிறுதான் ஞாபகம் வருதுடி என்றாள்.
லாட்ஜ் ஏஜெண்டுக்கு அவர் புஷ்மேன்.
“காட்டாளுங்க மேடம், அங்க அப்படித்தான்.”
கோட்டுக்காரர் கொஞ்சம் தயங்கி,
எங்க ஊர்ல பசார்வான்னு சொல்லுவோம் என்றார்,
மாடில்லாதவங்கன்னு அர்த்தம்.
சான்கிறதும் மாடு மேய்க்கிறவங்க வெச்சதுதான்,
பொறுக்கித் தின்றவங்களுக்கு.

மாடு என்றால் செல்வம் என்று
பத்தாம் வகுப்பில் அருஞ்சொற்பொருள் எழுதி
ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஒடுகத்தூர் பக்கம் எங்களை வில்லி என்பார்கள்.
காகிதத்தில் இருளர்.
எந்த இருட்டில் யார் பார்த்து வைத்தார்களோ.
சான்றிதழ் விசாரிக்க வந்தவர்
ஜீப்பை விட்டு இறங்காமலே கேட்டார்:
“பாம்பு புடிப்பியா? புடிச்சிக் காட்டு.”
எனக்கு டேலி தெரியும், தட்டச்சு ஹையர் தெரியும்.
சித்தப்பாதான் ஓடிப்போய்
கரும்புக் கொல்லையில் வளை தோண்டி
வாலைப் பிடித்து ஒரு எலியைத் தூக்கிக் காட்டினார்.
கையெழுத்து விழுந்தது.

எங்களுக்குள் நாங்கள் வெறும் சனம்.
நம்ம சனம் வந்திருக்குது, நம்ம சனத்துல ஒரு சாவு.

நீங்க உங்களை என்னன்னு சொல்லிக்குவீங்க?
கோட்டுக்காரர் மொழிபெயர்த்துக் கேட்டார்.
“ஜூ” என்றார் அவர்.
ஜூ என்றால்?
ஆளுங்க. மனுஷங்க.
அதற்குப் பின்னாலும் நாக்கு ஏதோ சொடுக்கியது,
அதை நான் பிடிக்கவில்லை.

இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
நட்சத்திரக் குறி போட்ட கட்டமில்லை, விடலாம்.

பதினொன்றே முக்காலுக்கு அவர் முறை.
மைக்கைப் பிடித்து
நாக்கைப் பல்லில் வைத்து இழுத்தேன்.
கூடம் முழுக்க ஒலிபெருக்கி உச்சுக் கொட்டியது.
சிலிகுரிக்காரி ஒருத்தி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.
“ஐயோ பாவம், யாருக்கு என்னாச்சோ”
என்றார் ஆரணிக்காரர்.

அவர் மட்டும் எழுந்து வந்தார்.
கண்ணாடித் துளைக்குப் பக்கத்தில் குனிந்து
தப்பு என்பதுபோல் விரலாட்டிவிட்டு
இன்னொரு தடவை
மெதுவாகச் சொன்னார்.

இன்னும் சரியாக வரவில்லை.