காலி எடை

புளியரை எடைமேடையில் இரவு ஷிப்ட் எனக்கு.
லாரி ஏறும். எண் ஓடி ஓடி நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
காலி வண்டியை முதலில் நிறுத்தாமல்
சரக்கின் எடை சொல்ல முடியாது.
வேலை அவ்வளவுதான்.

மூன்று வயது மகன்
என் சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்
தூங்குகிறான் என்று அவன் அப்பா சொன்ன அன்று
அந்த விளம்பரத்தைத் தொட்டேன்.
வீட்டிலிருந்தே டைப்பிங்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்,
படிப்பு தேவையில்லை, அனுபவம் தேவையில்லை.
எதுவுமே தேவைப்படாத வேலை.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

மேனேஜர் பெயர் ரித்திகா.
ஜவுளிக்கடைக் காலண்டரில் இருக்கிற சிரிப்பு.
முத்திரையோடு பணி ஆணை அனுப்பினாள்:
என் பெயரில் ஒரு பிழை,
கம்பெனி பெயரில் இரண்டு.
பதிவுக்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது,
முதல் சம்பளத்தோடு திரும்பி வருமாம்.
ஏழு நிமிடத்தில் இடம் நிரம்பிவிடுமாம்.
பதினோரு வருஷமாக இங்கே
சம்பளத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், பிடித்திருக்கிறார்கள்;
சேர்வதற்கு என்னிடம் காசு கேட்டதில்லை.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
யார் அங்கே முண்டியடிக்கிறார்கள் என்று யோசித்தேன்.
யோசித்துக்கொண்டே தொகையையும் அடித்தேன்.
ரகசிய எண் மட்டும் பாக்கி.

ஆபீஸ் எங்க மேடம்?
கொல்லம், சின்னக்கடை, மூன்றாவது மாடி.
அங்க மழையா?
இந்த ரோட்டில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி,
கை தானாக அடித்துவிட்டது.
மழையே இல்லை டியர்,
இப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தேன், வானம் நிறைய நட்சத்திரம்.

ஆரியங்காவு வளைவெல்லாம் இறங்கி
தாஹாவின் காலி லாரி மேடை ஏறியது.
மடித்துப் போட்ட படுதாவிலிருந்து
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.
"சின்னக்கடயில் முட்டு வரெ வெள்ளம், சேச்சி."
அவர் பாஷையில் வெள்ளம் வெறும் தண்ணீர்.
எனக்கு எந்தப் பாஷையிலும் சரியாக இருந்தது.

மழை பெய்யுது மேடம் என்று அனுப்பினேன்.
'டைப் செய்கிறார்' என்று காட்டியது,
வெகுநேரம் காட்டியது,
பிறகு படமே காணாமல் போனது.

எங்கள் மகளிர் குழுவில் எழுதிப் போட்டேன்,
இப்படி ஒருத்தி, ஏமாறாதீங்க.
அந்நேரத்திலும் விழித்திருந்தாள் முப்பிடாதி.
தனியாக வந்து சொன்னாள்:
செவ்வாக்கிழமையே கட்டிட்டேன்க்கா.
ரெண்டு தடவ.
வீட்ல சொல்லிராதீங்க.

என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
தாஹா கண்ணாடியைத் தட்டுகிறார்:
அறுபது கிலோ கூடக் காட்டுகிறது,
அது மழை, வண்டி இல்லை,
கழித்துவிடு என்கிறார்.