வண்டிப்பாதை, புல எண் 114

பழைய வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கோடுகள்.
ஓராக்குண்டுக்கு வடக்கே பனங்காட்டில் தொடங்கி
கடலுக்கு அரைப் பர்லாங்கு முன்னால் நின்றுவிடுகின்றன,
வரைந்தவனுக்கு மை தீர்ந்த மாதிரி.

நானும் சங்கிலிக்காரர் நம்புராசனும்
வெயிலுக்கு முன்னே இறங்கினோம்.
சீமைக்கருவை பிடுங்கிக்கொண்ட என் துப்பட்டாவில் ஒரு முழம்
இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கும்.

"எங்க ஆளுக வள்ளத்துல வந்தாக.
கரையேறுன இடந்தேன் ஊரு" என்றார் அவர்.
கீழத்தெரு சீனி இபுராகிம் சைக்கிளை நிறுத்தி
"கெணறு வெட்டுனது யாரு, அதக் கேளு மொதல்ல" என்றார்.
முதலில் வந்தது யார் என்று
பதினொரு வருடமாக முன்சீப் கோர்ட்டில் வழக்கு.
வாய்தாவுக்கு இருவரும் ஒரே பேருந்தில் போவார்கள்,
டிக்கெட் முறைவைத்து எடுப்பார்கள்.

பழைய தீர்வைக் கணக்கில் முதல் பெயர் சீனியம்மாள்.
தகப்பன் பெயர் இல்லை. தெரு இல்லை.
நம்புராசனின் அக்காவும் சீனியம்மாள்தான்.

கிணற்றடிக் கல்லில் எழுத்து எதுவும் இல்லை,
கயிறு அறுத்த பள்ளங்கள் ஒன்பது.
நல்ல தண்ணீர்.

அதைத் தாண்டி, மணல் விலகிக்
கடல்பாறை வெளித்தெரிந்த இடத்தில்
சக்கரத் தடம்.
இடது பள்ளம் வலதைவிட இரண்டு விரல் ஆழம்.
உப்பு ஏற்றிப் போனதா, நெல் ஏற்றி வந்ததா,
பஞ்சத்தில் கப்பலேறப் போனவர்களின் சட்டி பானையா,
குனிந்து கைவைத்துப் பார்த்தேன்.
போனதற்கும் வந்ததற்கும் ஒரே பள்ளம்.

அப்புறம் இறால் பண்ணை.
நீலத் தார்ப்பாய், தண்ணீரை அடிக்கும் விசிறிகள்,
கேட்டில் ஒரு நாய்.
கோடு தண்ணீருக்குள் இறங்கியது.
நம்புராசன் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டார்.

திரும்பும் வழியில் பள்ளிக்கூட வாசலில் பாண்டி ஆட்டம்.
ஒருத்தி வீசிய சில்லு மட்டும்
வழுக்கிப் போய்க் கட்டத்துக்குள் உட்கார்ந்தது.
வெள்ளைப் பீங்கான்,
உடைந்த ஓரத்தில் நீலத்தில் பாதி மீன்.

"எங்க கெடச்சது?"
"பாதையில."
"எந்தப் பாதை?"
ஒற்றைக்காலில் நின்றபடியே
பண்ணைப் பக்கம் மோவாயைக் காட்டினாள்.
பிறகு, நான் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னாள்.